எல்லைக் கோடு தாண்டினால் செல்லாத உரிமம்

பிரிஸ்டல் என்ற அமெரிக்க ஊரின் கடைத்தெருவுக்கு ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று பெயர். காரணப்பெயர்தான். தெருவின் நட்டநடுவே இரண்டு மாநிலங்களின் எல்லைக் கோடு ஓடுகிறது. வடக்கு நடைபாதை விர்ஜீனியா. தெற்கு நடைபாதை டென்னசி. பார்வைக்கு ஒரே ஊர், நிர்வாகத்தில் இரண்டு நகரங்கள். இந்தப் பக்கம் காபி வாங்கி அந்தப் பக்கம் போய்க் குடிப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் விர்ஜீனியா பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு டயட்டீஷியன், எதிர்ச்சாரியில் குடியிருக்கும் சர்க்கரை நோயாளியிடம் காணொளியில் பேசி உணவுத் திட்டம் வகுத்துத் தந்தால், அவர் வேறொரு மாநிலத்தின் சட்டத்துக்குள் கால் வைத்துவிட்டார் என்று அர்த்தம். சிகிச்சை நடப்பது நோயாளி இருக்கும் இடத்தில்தான், ஆலோசகர் இருக்கும் இடத்தில் அல்ல என்பதே அமெரிக்க மாநிலங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் விதி.

தெருவின் இரு பக்கமும் சட்டம் ஒன்றாக இருந்தாலாவது பரவாயில்லை. டென்னசியில் டயட்டீஷியன்களுக்கு உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. விர்ஜீனியாவிலோ அந்தப் பட்டத்தை யார் போட்டுக்கொள்ளலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்க மாநிலங்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, தங்களுக்குள் உரிம உடன்படிக்கை செய்துகொள்வது. செவிலியர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று பல தொழில்களுக்கு இப்படிப்பட்ட உடன்படிக்கைகள் வந்துவிட்டன. டயட்டீஷியன்கள் அந்த வரிசையில் பிந்தி வந்தவர்கள். "ஒரே உரிமம், எல்லா மாநிலமும்" என்று இவை விளம்பரப்படுத்தப்படுகின்றன. உடன்படிக்கையின் வாசகத்தைப் படித்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. தொழில் செய்பவரின் தகுதியையும் அவரது நடத்தைப் பதிவையும் மட்டுமே இவை மாநிலங்களுக்குப் பொதுவாக்குகின்றன. தொழிலை எப்படிச் செய்யலாம் என்ற சட்டம் அந்தந்த மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது.

உரிமம் ஏன் மாநிலத்தின் கையில்?

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மத்திய அரசுக்குத் தெளிவாகக் கொடுக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது பத்தாவது திருத்தம். மக்களின் உடல்நலம் காப்பது அப்படி மாநிலங்களிடம் தங்கிய அதிகாரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாநிலங்கள் மருத்துவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கத் தொடங்கியபோது, மேற்கு விர்ஜீனியாவில் பிராங்க் டென்ட் என்ற மருத்துவர் எதிர்த்து வழக்காடினார். 1876 முதல் மருத்துவம் பார்த்து வந்தவர் அவர். சின்சினாட்டி கல்லூரி ஒன்றின் பட்டயமும் வைத்திருந்தார். மாநில சுகாதார வாரியம் அந்தக் கல்லூரியை ஏற்கவில்லை. 1889இல் உச்ச நீதிமன்றம் டென்டுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மக்களைக் காக்கத் தகுதி நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றது. இன்றைய உரிம வாரியங்கள் அனைத்தும் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

அதன் பிறகு உரிமம் வேண்டும் தொழில்கள் பெருகிக்கொண்டே போயின. வெள்ளை மாளிகை 2015இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. அறிக்கை வந்தபோது அது நாலில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறியிருந்தது.

டயட்டீஷியன்கள் இந்த வளையத்துக்குள் மெதுவாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய சங்கம் முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், கிளீவ்லாந்து நகரில் பிறந்தது. இன்று அதன் பெயர் அகாடமி ஆஃப் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ். 1969இல் அது தேசிய அளவிலான பதிவு முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்பு, மேற்பார்வையில் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சி, நாடெங்கும் ஒரே தேர்வு என்பது இன்று அதன் அமைப்பு. 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும்.

ஆக, தேர்வு ஒன்று, சான்றும் ஒன்று. சட்டம்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் உரிமமின்றி மருத்துவ நோக்கில் உணவு ஆலோசனை தருவது குற்றம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பட்டப்பெயருக்கு மட்டுமே பாதுகாப்பு. எந்த ஒழுங்குமுறையும் இல்லாமலே நெடுங்காலம் இருந்த மாநிலங்களும் உண்டு.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை ஃபுளோரிடாவில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. கலிஃபோர்னியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆரோக்கிய ஆலோசனை சொல்லிவந்த ஒரு பெண், விமானப்படையில் இருந்த கணவரின் பணியிட மாற்றத்தால் 2015இல் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் டயட்டீஷியன் அல்ல; அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. பழைய ஊரில் செய்த அதே வேலையைப் புதிய ஊரிலும் தொடர்ந்தார். 2017இல் உரிமம் பெற்ற ஒரு டயட்டீஷியன் புகார் கொடுக்க, மாநில சுகாதாரத் துறை வாடிக்கையாளர் போல மின்னஞ்சல் அனுப்பி விசாரித்தது. 500 டாலர் அபராதம் விதித்தது. விசாரணைச் செலவு என்று 250 டாலருக்கு மேல் தனியாக வசூலித்தது. பேச்சுச் சுதந்திரம் பறிக்கப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கு 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. தொழிலை ஒழுங்குபடுத்தும்போது பேச்சின் மேல் தற்செயலாக விழும் சுமை அரசமைப்புக்கு முரணல்ல என்றது நீதிமன்றம். இதற்கிடையே 2020இல் ஃபுளோரிடா தன் சட்டத்தையே தளர்த்தியிருந்தது. மருத்துவரின் நேரடிக் கவனிப்பில் உள்ள நோயாளி அல்லாதவருக்கு, உரிமம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் உணவு ஆலோசனை சொல்வது இப்போது அங்கே குற்றமில்லை.

பழைய கருவி, புதிய வேலை

மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது புதிதல்ல. நியூயார்க்கும் நியூஜெர்சியும் சேர்ந்து துறைமுக ஆணையம் அமைத்தது 1921இல். கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ள ஏழு மாநிலங்கள் கையெழுத்திட்டது 1922இல். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் எந்த மாநிலமும் இன்னொரு மாநிலத்தோடு உடன்படிக்கை செய்யக்கூடாது என்கிறது அரசமைப்பின் முதல் பிரிவு. அப்படியானால் உரிம உடன்படிக்கைகள் ஒவ்வொன்றும் வாஷிங்டனின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. அதற்குக் காரணம் பிரிஸ்டல் ஊரையும் உள்ளடக்கிய ஓர் எல்லைத் தகராறு. விர்ஜீனியாவும் டென்னசியும் மோதிய அந்த வழக்கில் 1893இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வகுத்தது. மாநிலங்களின் அரசியல் வலிமையைக் கூட்டி, மத்திய அரசின் மேலாண்மையில் கை வைக்கும் ஒப்பந்தங்களுக்குத்தான் நாடாளுமன்றச் சம்மதம் தேவை; மற்றவற்றுக்குத் தேவையில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட். நான்கு ஆண்டுகளுக்கு முன் டென்ட் வழக்கின் தீர்ப்பை எழுதியவரும் அவரே. உரிமத்தை மாநிலத்தோடு கட்டிப்போட்ட அதே கை, அந்தக் கட்டைத் தளர்த்துவதற்கான வழியையும் எழுதிவைத்தது.

அந்த வழியில் முதலில் நடந்தவர்கள் செவிலியர்கள். அவர்களது உடன்படிக்கை 2000ஆம் ஆண்டையொட்டி ஒருசில மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் 25 மாநிலங்கள் சேர்ந்தன. அதற்கு மேல் வளரவில்லை. செவிலியர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பதில் மாநிலங்களுக்குள் ஒரே அளவுகோல் இல்லாதது முக்கியமான தடை. கைரேகை வழியாக மத்தியப் புலனாய்வுத் துறையின் பதிவேட்டில் சரிபார்ப்பது உட்படச் சீரான தகுதிகளை வகுத்த புதிய உடன்படிக்கை 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. விதியைக் கடுமையாக்கிய பிறகே வட்டம் விரிந்தது என்பது பின்னால் வந்த எல்லா உடன்படிக்கைகளுக்கும் பாடமானது.

எல்லாத் தொழிலும் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை. செவிலியருக்குக் கிடைப்பது உண்மையிலேயே பல மாநிலங்களில் செல்லும் ஒரே உரிமம். மருத்துவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. 2017இல் செயல்படத் தொடங்கிய அவர்களது உடன்படிக்கை, ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி உரிமம் வாங்கும் பழைய முறையை வைத்துக்கொண்டு, வாங்கும் வேகத்தை மட்டும் கூட்டியது. ஒரு மருத்துவர் 700 டாலர் சேவைக் கட்டணத்தோடு ஒருமுறை விண்ணப்பித்துத் தகுதியை நிரூபித்தால் போதும். பிறகு தேவைப்படும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். உளவியலாளர்கள் மூன்றாவது வழி எடுத்தார்கள். தொலைவிலிருந்து ஆலோசனை தர ஓர் அனுமதி; நேரில் போனால் ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு 30 நாள் வரை தற்காலிக அனுமதி.

பிசியோதெரபிஸ்ட்கள் தேர்ந்தது நான்காவது வழி. சொந்த மாநிலத்தில் முழு உரிமம் இருக்க வேண்டும். அதை அடிப்படையாக வைத்து மற்ற உறுப்பு மாநிலங்களில் தொழில் செய்ய "உடன்படிக்கை அனுமதி" வாங்கிக்கொள்ளலாம். டயட்டீஷியன்கள் பின்பற்றியது இந்த முறையைத்தான்.

டயட்டீஷியன் உடன்படிக்கை சொல்வது என்ன?

இந்த உடன்படிக்கைக்குப் பின்னால் இருக்கும் பணம் பாதுகாப்புத் துறையுடையது. பார்த்தவுடன் வியப்பாகத் தோன்றும். ராணுவத்தினர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறார்கள். அவர்களது மனைவி அல்லது கணவரில் மூன்றில் ஒருவர் உரிமம் வேண்டும் தொழிலில் இருப்பவர். ஒவ்வொரு மாற்றலிலும் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. துணைக்கு வேலை கிடைக்காத குடும்பம் ராணுவத்தையே விட்டு விலக யோசிக்கும் என்ற கவலையில், மாநில அரசுகள் பேரவை என்ற அமைப்போடு சேர்ந்து பாதுகாப்புத் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் மாதிரிச் சட்டம் எழுத நிதி கொடுத்தது. பள்ளி ஆசிரியர், பல் மருத்துவர், சமூகப் பணியாளர், அழகுக்கலைஞர் என நீளும் அந்தப் பட்டியலில் டயட்டீஷியன்களும் இடம்பிடித்தார்கள். அவர்களுக்கான மாதிரிச் சட்டம் 2023இல் வெளியானது.

அதன்படி உடன்படிக்கை அனுமதி கேட்பவர், தான் நிரந்தரமாக வசிக்கும் உறுப்பு மாநிலத்தில் எந்தத் தண்டனை நடவடிக்கையும் இல்லாத உரிமம் வைத்திருக்க வேண்டும். தேசியப் பதிவுச் சான்றோ, அதற்கு ஈடான படிப்பு, பயிற்சி, தேர்வு ஆகியவையோ வேண்டும். கைரேகைச் சரிபார்ப்பு உண்டு. போகும் மாநிலம் தன் சட்டங்களைப் பற்றிய தேர்வு ஒன்றை வைத்திருந்தால் அதிலும் தேற வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு கட்டுப்படுத்துவது போகும் மாநிலத்தின் சட்டம். ஓட்டுநர் உரிமத்தோடு இதை ஒப்பிடுவது ஆதரவாளர்களின் வழக்கம்; அந்த ஒப்புமை பொருத்தமானதே. உரிமம் கொடுத்தது எந்த மாநிலமாக இருந்தாலும் வேக வரம்பு வண்டி ஓடும் சாலையினுடையது. டயட்டீஷியன் எதைப் பரிந்துரைக்கலாம், எதற்கு மருத்துவரின் உத்தரவு வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த மாநிலம்தான் முடிவு செய்யும். ஆறு மாநிலங்களில் அனுமதி வாங்கியவர் ஆறு சட்டங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உடன்படிக்கையின் உயிர்நாடி, பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இன்னொரு பகுதியில் இருக்கிறது: உறுப்பு மாநிலங்களுக்குப் பொதுவான தகவல் தளம். உரிமம் பெற்றவர் யார், அவர்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை மாநிலங்கள் அதில் பதிய வேண்டும். அனுமதி பெற்றுப் போன மாநிலத்தில் ஒருவர் தவறு செய்தால் அந்த மாநிலம் தான் கொடுத்த அனுமதியைப் பறிக்கலாம். மூல உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சொந்த மாநிலத்துக்கு மட்டுமே. அங்கே உரிமம் முடக்கப்பட்டால் மற்ற எல்லா மாநிலங்களிலும் அனுமதி போய்விடும். ஒரு மாநிலத்தில் தண்டனை வாங்கியவர் சத்தமில்லாமல் அடுத்த மாநிலத்தில் கடை திறப்பது பழைய முறையின் பெரிய ஓட்டை. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால், டயட்டீஷியனுக்குக் கிடைக்கும் வசதியை விட இந்த ஓட்டை அடைபடுவதே பெரிய லாபம்.

2024இல் அலபாமா, நெப்ராஸ்கா, டென்னசி மாநிலங்கள் இதைச் சட்டமாக்கின. ஏழு மாநிலங்கள் சேர்ந்தால் உடன்படிக்கை உயிர்பெறும் என்பது விதி. 2025இல் அந்த எண்ணிக்கை நிறைவேறியது.

இடம்பெயர்வதற்கா, இருந்த இடத்திலிருந்து பேசவா?

இவற்றால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தந்திருக்கும் விடை ஆதரவாளர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. கிறிஸ்டினா டிபாஸ்குவேல், கெவின் ஸ்டேஞ்ச் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செவிலியர் உடன்படிக்கையை ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். உடன்படிக்கையில் சேர்ந்த மாநிலங்களில் செவிலியர் எண்ணிக்கையோ அவர்களது நகர்வோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லையோர மாவட்டங்களில் வசிப்பவர்களிடம் கூட மாற்றம் தெரியவில்லை. ஜனா ஜான்சனும் மோரிஸ் கிளைனரும் 22 தொழில்களைப் பார்த்துச் சொன்னது இன்னும் கூர்மையானது. மாநிலத்துக்கு மாநிலம் தனித் தேர்வு வைக்கும் தொழில்களில்தான் குடிபெயர்வு குறைகிறது. தேசியத் தேர்வு உள்ள தொழில்களில் அப்படி ஒரு தடை தென்படவில்லை.

டயட்டீஷியன்களுக்குத் தேசியத் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்த உடன்படிக்கை வந்தவுடன் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் குறைவு. அடிக்கடி மாறியாக வேண்டிய ராணுவக் குடும்பங்கள் இதற்கு விதிவிலக்கு. ஆனால் அவர்களுக்கும் 2023 ஜனவரி 5 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம் ஒன்று பாதி வழியைத் திறந்துவிட்டது. ராணுவ உத்தரவின் பேரில் இடம் மாறுபவரும் அவரது துணையும், சில நிபந்தனைகளோடு, பழைய மாநிலத்தின் உரிமத்தைப் புதிய மாநிலத்தில் பயன்படுத்தலாம் என்கிறது அது.

அப்படியென்றால் உடன்படிக்கை யாருக்கு? வீட்டை மாற்றாமல் திரையில் எல்லை தாண்டுபவர்களுக்கு.

டயட்டீஷியனின் வேலை தொலைவிலிருந்து செய்வதற்குத் தோதானது. ஊசி இல்லை, ஸ்டெதாஸ்கோப் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு, சாப்பாட்டுக் குறிப்பேடு, நீண்ட உரையாடல் ஆகியவைதான் கருவிகள். அதுவும் ஒருநாள் வேலையல்ல. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 2002 முதல் சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் டயட்டீஷியன் ஆலோசனைக்குப் பணம் தருகிறது. முதல் ஆண்டு 3 மணி நேரம். அடுத்து வரும் ஆண்டுகளில் 2 மணி நேரம். இப்படித் தொடரும் உறவில் குளிர்காலம் கழிக்க மகள் வீட்டுக்குப் போகும் மூதாட்டியும், வேறு மாநிலத்துக் கல்லூரியில் சேரும் மாணவனும் தங்கள் டயட்டீஷியனைச் சட்டப்படி இழந்துவிடுகிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது பல மாநிலங்கள் அவசர ஆணை போட்டு வெளிமாநில உரிமங்களை ஏற்றுக்கொண்டன. அவசரநிலை முடிந்ததும் அந்த ஆணைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின; காணொளிக்குப் பழகிய நோயாளிகள் மட்டும் மிஞ்சினார்கள்.

எல்லைக் கோட்டை ஒரே வீச்சில் அழிக்கும் வழியும் அமெரிக்காவில் ஒரு மூலையில் நடப்பில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசின் மருத்துவத் துறை 2018இல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்தத் துறையின் ஊழியர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், எந்த மாநிலத்தில் இருக்கும் படைவீரருக்கும் தொலைமருத்துவம் பார்க்கலாம். மாநிலச் சட்டம் குறுக்கே நிற்க முடியாது. அதை நாடு முழுவதற்கும் விரிக்க முனைந்தால் டென்ட் வழக்கின் காலத்திலிருந்து மாநிலங்கள் வைத்திருக்கும் அதிகாரத்தைப் பிடுங்க வேண்டியிருக்கும். அந்தப் போருக்கு அரசியல்வாதிகள் தயாராக இல்லாததால்தான் உடன்படிக்கை என்ற நடுவழி.

வெளியே நிற்பவர்கள்

கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் செவிலியர் உடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. தகுதி வரம்பு கடுமையான மாநிலம், தளர்வான மாநிலத்தின் உரிமத்தை ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பது செவிலியர் சங்கங்களின் கேள்வி. வேலைநிறுத்தம் நடக்கும்போது வெளிமாநிலச் செவிலியர்களை எளிதில் கூட்டிவந்து இறக்கிவிடலாம் என்ற அச்சமும் அதற்குள் இருக்கிறது. வாரியங்களுக்குக் கட்டண வருமானம் குறையும். மக்கள் தேர்ந்தெடுக்காத ஓர் ஆணையம் எழுதும் விதி மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் என்ற ஆட்சேபங்களும் உண்டு.

டயட்டீஷியன்களுக்கு இவற்றோடு இன்னொரு தடையும் சேர்கிறது. உரிமத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் சேர முதலில் உரிமம் என்று ஒன்று இருக்க வேண்டும். பட்டப்பெயரை மட்டும் காக்கும் கலிஃபோர்னியாவும் விர்ஜீனியாவும் உள்ளே வர நினைத்தால் புதிதாக உரிமச் சட்டம் இயற்ற நேரிடும். எல்லைகளைத் தளர்த்த வந்த ஏற்பாடு, தளர்வாக இருந்த மாநிலங்களை இறுக்கச் சொல்கிறது. உரிம முறையே தேவையில்லை என்று வாதிடும் தாராளவாதப் பொருளாதாரக்காரர்களுக்கு இது கசக்கிறது. வேறு சான்றிதழ்களோடு தொழில் செய்யும் ஊட்டச்சத்து ஆலோசகர்களுக்கு, டயட்டீஷியன்களுக்கென்றே எழுதப்பட்ட இந்த உடன்படிக்கையில் இடமில்லை.

சட்டம் நிறைவேறுவதற்கும் முதல் அனுமதி கையில் கிடைப்பதற்கும் நடுவே உள்ள தூரமும் குறைவல்ல. மனநல ஆலோசகர்களின் உடன்படிக்கை தேவையான பத்து மாநிலங்களை 2022இலேயே எட்டியது. முதல் அனுமதி வழங்கப்பட்டது 2025இல். ஆணையம் கூடி விதி எழுத வேண்டும். தகவல் தளம் கட்ட வேண்டும். கைரேகைப் பதிவுகளைப் பார்க்க 1972ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று கேட்கும் வாசகம் ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் இருக்கிறதா என்று புலனாய்வுத் துறை பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் சிறு பிசகு இருந்தாலும் சட்டமன்றம் மறுபடி திருத்த வேண்டியதுதான்.

டயட்டீஷியன் உடன்படிக்கையும் இதே படிகளை ஏறியாக வேண்டும். உறுப்பு மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகள் ஆணையமாகக் கூடி விதிகளையும் கட்டணத்தையும் முடிவு செய்த பிறகே அனுமதி வழங்க முடியும். ஏழு மாநிலங்கள் சேர்ந்துவிட்டன என்ற செய்தியைப் படித்த அன்றே அடுத்த மாநிலத்து நோயாளியைக் காணொளியில் பார்க்கத் தொடங்கும் டயட்டீஷியன் சட்டத்தை மீறியவராவார். அனுமதிகள் வரத் தொடங்கும் வரை அந்தந்த மாநில வாரியத்தின் விண்ணப்பத்தைத் தனித்தனியே நிரப்பி, கட்டணம் கட்டிக் காத்திருப்பதுதான் அவருக்கு இருக்கும் வழி. தொடங்கிய பிறகும், விர்ஜீனியா பக்கம் அலுவலகம் நடத்தி அங்கேயே குடியிருப்பவருக்கு அது உதவாது. டென்னசிக்காரரைப் பார்க்க அவர் டென்னசி வாரியத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.